பாப்பா கேக்குது

எங்கள் குடும்பத்தில் ருசியறிந்த நாக்கு இரண்டே பேருக்குத்தான் வாய்த்திருக்கிறது என்பதைப் பென்னாகரத்துச் சொந்தபந்தம் முழுக்க ஒத்துக்கொண்டிருந்தது. ஒருவர் பெரியப்பா. இன்னொருத்தி நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெரியப்பாவின் பெயர் அவரே சம்பாதித்தது. ஒகேனக்கல்லுக்குப் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்து மீனை அவரேதான் எடுப்பார். ஆற்றங்கரையில் மீனை வாங்கிப் பொரித்துக் கொடுக்கும் பெண்கள் பக்கத்தில் குந்திக்கொள்வார். ஒரு துளி மசாலாவை எண்ணெயில் விட்டுப் பார்த்து, "ம், இப்பப் போடும்மா" என்று உத்தரவு கொடுப்பார். ஒருமுறை பழைய எண்ணெயில் பொரித்துவிட்டார்கள் என்று இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். அந்தக் கதையை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்திக்குப் பந்தி சொல்வார்கள். "சாப்பாட்டு விசயத்துல மனுசன் ராசாங்க" என்று முடிப்பார்கள்.

என் பெயரை நான் சம்பாதிக்கவில்லை. அம்மா வாங்கிக் கொடுத்தாள். "அந்தப் புள்ளைக்கு மோமோன்னா உசுரு. எந்த ஊருக்குப் போனாலும் அதத்தான் கேக்கும்" என்று அத்தைகள் பேசிக்கொள்ளும்போது நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். பள்ளிக்கூடத்தில் மோமோ என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். திபெத்துக்காரர்களின் பலகாரம் அது. மைதாவைக் காகிதம்போலத் தேய்த்து, நடுவில் கொத்துக்கறியை வைத்து, விளிம்பை மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மூடி, ஆவியில் வேகவைப்பது. இன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடை வாசலில்கூட ஒரு அலுமினிய அடுக்கு ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அதற்காக பஸ் ஏற வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளும் மோமோ கேட்டதில்லை. கேட்டதெல்லாம் அம்மா.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெங்களூரில் ஒரு சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். விடுதியில் ஒரே அறையில் இருந்தவள் டார்ஜிலிங் பக்கத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டன் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து இரண்டு பேரும் மோமோ செய்வார்களாம். வெங்காயமும் கறியும் நறுக்குவது அம்மாவின் வேலை. தோல் தேய்த்து மடிப்பது அந்தப் பெண்ணின் வேலை. வெந்ததும் சுடச்சுட ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு, வேறு யாருக்கும் எடுத்துவைக்காமல் தின்பார்கள். "யாருக்கும் எடுத்து வெக்காம" என்ற இடத்தில் அம்மா ஒரு கணம் நிறுத்துவாள். அதில் என்ன பெரிய விசேஷம் என்று எனக்குத் தெரியாது. நானும்தான் தினமும் யாருக்கும் எடுத்துவைக்காமல் தின்கிறேன்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை ஆண்கள் இல்லாத மத்தியானத்தில் இட்லிப் பானையில் செய்து பார்த்தாள். தோல் கிழிந்து கறியெல்லாம் தட்டில் கிடந்தது. நன்றாக வந்திருந்தாலும் அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, எனக்கு, வந்துபோகிற விருந்தாளிக்கு என்று போய்க் கடைசியில் தட்டில் ஒட்டியதுதான் அவளுக்கு மிஞ்சியிருக்கும். சமைக்கிறவளின் ருசிக்கென்று எங்கள் வீட்டில் தனியாகத் தட்டு கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பாவுக்கு மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் எங்கள் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி புருசனின் அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசமாட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. பேச வேண்டியதைப் பிள்ளையை நடுவில் வைத்துத்தான் பேசுவார்கள். "பெரியப்பாக்குக் கொழம்பு ஊத்தட்டுமான்னு கேளு பாப்பா" என்பாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள், "கொஞ்சமா ஊத்தச் சொல்லு பாப்பா" என்பார் பெரியப்பா. இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இருக்காது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தால் அம்மா மாட்டைப் பார்த்துச் சொல்வாள், அவரும் மாட்டைப் பார்த்தே பதில் சொல்வார். மாடும் நானும் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்துவந்தோம்.

ஆகவே அம்மாவுக்கு ஒரு ஆசை வந்தபோது அதையும் அவள் என் வாயில் போட்டதில் ஆச்சரியமில்லை. ஆம்பளை பலகாரம் தேடி ஊர் ஊராகப் போனால் ரசனைக்காரன். பொம்பளை போனால் அதற்கு வேறு பெயர், அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. பிள்ளை கேட்டால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முதல் தடவை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நடந்தது. தள்ளுவண்டியில் ஆவி பறந்தது. அம்மா சட்டென்று நின்று, "ஏங்க, பாப்பா மோமோ கேக்குது" என்றாள். நான் அண்ணாந்து அவளைப் பார்த்தேன். அவள் என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். "ஆமாம்ப்பா" என்றேன். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். தட்டில் எது விழுந்தாலும் பசி தீர்ந்தால் சரி என்று எழுந்துபோகிற மனிதர். மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு தின்றேன், "மிச்சம் வெக்காத, வீணாப் போவும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா மீதியைத் தின்றாள். ஒரு கடி கடித்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"முட்டக்கோசுக்குச் சட்ட தெச்சுப் போட்டிருக்கான்" என்றாள் என் காதில்.

அப்புறம் தேடல் சூடுபிடித்தது. ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பாப்பா கேட்டது. அங்கே தோல் ரப்பர் செருப்பு மாதிரி இருந்தது. சேலத்துக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் பாப்பா கேட்டது. அங்கே எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள், மேலே தக்காளி சாஸ் வேறு. "ஆவியில வேகவெக்கத் தெரியாதவன்தான் எண்ணெயில போடுவான்" என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் வடநாட்டுக்காரன் ஒருவன் மோமோ போடுகிறான் என்று யாரோ சொன்னதும், அங்கே இருந்த தன் சித்தி மேல் அம்மாவுக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. இரண்டு பஸ் மாறிப் போனோம். அவன் விற்றது பானிபூரி. சித்திக்கோ, இத்தனை வருசம் கழித்து அக்கா மகள் தன்னைத் தேடி வந்ததில் கண் கலங்கிவிட்டது. களி கிண்டிப் போட்டு, திரும்பும்போது ஒரு நாட்டுக்கோழியின் காலைக் கட்டி எங்கள் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அந்தக் கோழி ஊர் வரைக்கும் என் மடியில்தான் இருந்தது.

இப்படி ஒவ்வொரு ஊரிலும் என் பெயர் வளர்ந்தது. நல்ல மோமோ எப்படி இருக்க வேண்டும் என்பதும் அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தோல் மெலிசாக இருக்க வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வெங்காயம் கூழாகாமல் நறுக்கென்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே சாறு நிற்க வேண்டும். கடித்தால் சாறு வராத மோமோவை அம்மா மோமோக் கணக்கிலேயே சேர்க்கமாட்டாள். நானும் வகுப்பில் அப்படியே சொல்லித் திரிந்தேன். அப்படி ஒன்றை நானும் தின்றதில்லை, அவளும் கல்யாணத்துக்கப்புறம் தின்றதில்லை.

தீபாவளி முடிந்தால் தர்மபுரியில் ரோட்டோரமாகத் தார்ப்பாய் கட்டி ஸ்வெட்டர் கடைகள் முளைக்கும். பொங்கல் வரைக்கும் இருக்கும். ஊரில் எல்லோரும் அதை நேபாளிக் கடை என்பார்கள். அவர்கள் நேபாளிகளே இல்லை, மைசூர்ப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வருசா வருசம் வருகிற திபெத்துக்காரர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூக்கு கொஞ்சம் சப்பையாக இருந்தால் போதும், நேபாளிதான். பனிக்காலம் வந்தால் பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்கும். அவருக்கு ஸ்வெட்டர் எடுக்க அந்த வருசம் அம்மாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

அம்மா பஸ்ஸிலேயே விடுதிக் காலத்து இந்தியை ஒருமுறை உருப்போட்டுக்கொண்டு இறங்கினாள். கடையில் இருந்த பெண்ணுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். அம்மாவை ஏறிட்டுப் பார்த்து, "ஏனு பேகு அக்கா?" என்று சுத்தமான கன்னடத்தில் கேட்டாள், என்ன வேண்டும் என்று. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பிறந்த ஊரே கர்நாடக எல்லையில்தான், கன்னடம் அவளுக்குக் கைவந்த மொழி. இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து பழகியவர்கள் மாதிரி விலை பேச ஆரம்பித்தார்கள்.

பேரத்தின் நடுவில் ஒரு பையன் வந்து எவர்சில்வர் டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெண்ணின் மத்தியானச் சாப்பாடு. ஆறிவிடக் கூடாதே என்று மூடியைச் சற்றே தளர்த்தினாள். ஆவி வந்தது. அம்மா சொல்லிக்கொண்டிருந்த விலையைப் பாதியில் விட்டுவிட்டாள். பேரத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை என் அம்மா. எட்டிப் பார்த்தேன். டப்பாவுக்குள் மோமோக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. தோலுக்குள்ளே கறியின் நிழல் தெரிந்தது. மடிப்புகள் ஒரே சீராக, பட்டுச் சேலைக் கொசுவம் மாதிரி இருந்தன.

அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு அவள் எப்போதும் சொல்வதைக் கன்னடத்தில் சொன்னாள்.

"பாப்பா கேக்குது."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றை எடுத்து மூடியில் வைத்து, ஊதி, என்னிடம் நீட்டினாள். ஒன்றுதான். அவளுடைய சாப்பாடு அது, அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. பாப்பாதானே கேட்டது, பாப்பாவுக்குக் கொடுத்தாயிற்று.

நான் அதை முழுசாக வாயில் போட்டுக் கடித்தேன். உள்ளே இருந்த சாறு குபுக்கென்று வெளியே வந்து மோவாயில் இறங்கி முழங்கை வரைக்கும் ஓடியது. சுட்டது. விழுங்கிவிட்டேன்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் அம்மா. அவள் கண் என் வாயைவிட்டு நகரவில்லை.

"நல்லாருக்கு" என்றேன்.

அம்மா என் முழங்கையைத் துடைத்தாள். அதற்கு மேல் பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டாள். தங்கியிருக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மோமோ செய்வோம் என்று அந்தப் பெண் சொன்னதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விசாரணை நடந்தது.

"தோலு பல்லுல ஒட்டுச்சா?"

"இல்லம்மா."

"வெங்காயம் நறுக்குனு இருந்துச்சா, கொழஞ்சு போயிருந்துச்சா?"

"தெரியல."

"கறி ஆட்டுக்கறிதான? கொழுப்பு சேத்திருந்தாங்களா?"

"சுட்டுச்சும்மா. முழுங்கிட்டேன்."

"என்னத்தடி தின்ன நீ!" என்று கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரே ஒத்துக்கொண்ட ரசிகையை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று எனக்கும் ரோசம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்வெட்டர் பெரியப்பாவுக்குப் பத்தவில்லை. தோளில் பிடித்தது. சட்டைக் கம்பெனியில் வருசக்கணக்கில் வேலை பார்த்தவள், ரோட்டில் போகிறவனின் முதுகைப் பார்த்தே அளவு சொல்லுகிறவள், தினமும் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரின் அளவைத் தவறவிட்டாள் என்று நம்ப எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை. "வர ஞாயித்துக்கெழம போயி மாத்திட்டு வந்துர்றேன்னு சொல்லு பாப்பா" என்றாள். குரலில் வருத்தமே இல்லை.

"எதுக்கு ரெண்டாவது தடவயும் அலையணும்? நானே வந்து போட்டுப் பாத்து எடுத்துக்கறேன்னு சொல்லு பாப்பா" என்றார் பெரியப்பா.

இதை அம்மா எதிர்பார்க்கவில்லை. அடுக்களையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் போனோம். சும்மா கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்று அம்மா வறுத்த வேர்க்கடலையை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டாள். பெரியப்பா முன்னால் நடந்தார். நாங்கள் பத்தடி பின்னால். கடைக்காரப் பெண் எங்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு கையாட்டினாள். கடலையை வாங்கி முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பெரிய அளவாக ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவர் ஒரு கையை அதில் நுழைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து என்னிடம் நீட்டினாள். "பாப்பாக்கு" என்றாள் தமிழிலேயே. இந்த முறை டப்பா நிறைய இருந்தது. பாப்பா வரும் என்று கூடுதலாகச் செய்திருந்தாள்.

பெரியப்பா ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று நின்றுவிட்டார்.

"அட, இங்கயும் உம் பேரு வந்துருச்சா பாப்பா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. "சின்னதுல நல்லாத்தான் இருக்கும். ஆனா பொட்டப்புள்ளைக்கு நாக்கு இம்புட்டு நீளம் ஆவாது. இப்பிடி ரோட்டுல கை நீட்டி வாங்கித் தின்னு பழகுனா நாளைக்குப் போற வூட்டுல நம்ம மானந்தான் போவும். அந்தம்மா சாப்பாட்ட இல்ல புடுங்கித் திங்குற? இப்பயே அடக்கி வெக்கச் சொல்லு உங்கம்மாகிட்ட."

சொல்ல வேண்டிய அம்மா என் தோளுக்குப் பின்னால்தான் நின்றாள். எனக்கு இதில் ஒன்றும் வலிக்கவில்லை. என் நாக்கைப் பற்றித்தானே பேசுகிறார், அதுவும் நீளம் என்கிறார், பாராட்டு மாதிரிதான் இருந்தது. "அடக்கி வெக்கச் சொல்றாரும்மா" என்று என் வழக்கமான வேலையைச் செய்யத் திரும்பினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள்.

"அது கேக்கலைங்க மாமா" என்றாள்.

பெரியப்பா யாரோ கூப்பிட்டதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"அது ஒரு நாளும் கேட்டதில்லைங்க. தருமபுரியில, ஓசூர்ல, சேலத்துல, எல்லா எடத்துலயும் நாந்தான் கேட்டேன். போன வாரமும் நாந்தான். எனக்குத்தான் ஆச. அதும் மேல பழியப் போட்டுட்டு வந்துட்டு இருந்தேன். அத ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒரு சொல்கூட விழுங்காமல் சொல்லி முடித்தாள். நான் பிறந்ததிலிருந்து என் அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய விஷயங்களை மேடையில் நின்று ஒத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போய்வருகிற ரோட்டில், புருசனின் அண்ணன் எதிரே நின்று, எனக்குத் தின்ன ஆசை என்று சொன்ன பெண்ணை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என்னிடம் நீட்டிய டப்பாவை அப்படியே அம்மா பக்கம் திருப்பினாள். ஸ்டூலையும் இழுத்துப் போட்டாள்.

அம்மா உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். என்னைப்போல முழுசாகப் போட்டுக்கொள்ளவில்லை. ஓரத்தில் சின்னதாகக் கடித்து, அந்த ஓட்டை வழியே சாற்றை முதலில் உறிஞ்சினாள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. அதற்கப்புறம்தான் மீதியைத் தின்றாள், அவசரமே இல்லாமல். இரண்டாவதை எடுத்தாள். கடைக்காரப் பெண்ணிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாள், அவளும் விரல்களால் மாவு தேய்ப்பதுபோல ஏதோ காட்டினாள். அந்த நேரத்தில் அம்மா என் அம்மா மாதிரியே இல்லை. சம்மணம் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்த அந்த விடுதிப் பெண் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பா பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்வெட்டரின் இன்னொரு கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம்தான் பார்ப்பார். அவரும் நாக்குள்ள மனிதர்தானே.

"எப்பிடி இருக்குதாம்னு கேளு பாப்பா" என்றார் என்னிடம்.

நான் கேட்கவில்லை. எனக்கு வந்த டப்பா கைமாறிப் போன ஆத்திரத்தில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன். நான் சொல்லாததால் அம்மாவே பதில் சொல்லும்படி ஆயிற்று.

"நல்லாருக்குங்க மாமா. தோலு மெலிசு. உள்ள சாறு நிக்குது."

"ஆவியில வெந்தது, சாறு எப்பிடி நிக்கும்?"

"கொழுப்பச் சேத்துக் கொத்தியிருக்காங்க. மடிப்பு விட்டுப்போவாம மூடியிருக்காங்க, அதான் நிக்குது."

"ம்" என்றார். ஒகேனக்கல் மீன்காரர்களிடம் சொல்லும் அதே 'ம்'. கடைக்காரப் பெண் அவரிடமும் டப்பாவை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர் ஒன்றை எடுத்து முழுசாக அதில் போட்டுக்கொண்டார்.

"ஓரத்துல கடிச்சு..." என்று அம்மா சொல்வதற்குள் சாறு மோவாயில் இறங்கிப் புது ஸ்வெட்டரின் நெஞ்சில் விழுந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்ல இனி வழியில்லை. அந்தக் கறையோடுதான் அவர் அந்த வருசப் பனிக்காலத்தைக் கழித்தார். என்ன கறை என்று கேட்டவர்களிடம் காயில் கடையில் ஆயில் பட்டது என்று சொன்னார்.

ஏதோ அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலையே "சட்டினிக்கு உப்பு பத்தலன்னு சொல்லு பாப்பா" என்று ஆரம்பித்துவிட்டார் பெரியப்பா. அம்மாவும் "மாட்டுச் சந்தைக்கு எப்பப் போறாருன்னு கேளு" என்றாள். அன்றைக்கு ரோட்டில் யார் பார்த்தார்களோ, விஷயம் எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. நடுரோட்டில் உட்கார்ந்து தின்றவள் என்று அத்தைகள் அம்மாவைப் பற்றிப் பல வருசம் பேசினார்கள். கல்யாண வீடுகளில் அவள் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். 'பாப்பா கேக்குது' என்று மட்டும் அவள் அதற்கப்புறம் எந்த ஊரிலும் சொல்லவில்லை.

அன்று திரும்பி வரும்போது பெரியப்பா டிரைவருக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அம்மாவிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன். அதிலிருந்து எனக்கும் மூன்று கிடைத்தது உண்மைதான். ஆனால் டப்பா எனக்கு வந்தது. பெயரும் என்னுடையது. இரண்டையும் அம்மா எல்லோர் முன்னாலும் பிடுங்கிக்கொண்டாள், வெறும் தீனி ஆசையில். இந்தக் கதையை மறுநாள் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன்.

இண்டூர் தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் கேட்டேன்னே சொல்லியிருக்கலாம் இல்ல? எப்பயும் அப்பிடித்தான சொல்லுவ?" என்றேன். அழுகை முட்டியது.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து என் பின்னலைச் சரிசெய்தாள்.

"உனக்கு என்ன வேணுமோ இனிமே நீயே கேளு" என்றாள். "உன் வாயால கேளு. உனக்குன்னு கேளு."

நான் அவள் கையைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அன்று புரிந்ததெல்லாம், அம்மா இனி எனக்காக எதையும் கேட்கமாட்டாள் என்பது மட்டும்தான்.